வசனம்: ஒரு சொல்லுக்கு மூன்று வேலை

பாளையங்கோட்டையில் பஸ் ஏறி நாசரேத், மெஞ்ஞானபுரம், இடையன்குடி என்று எந்தப் பக்கம் போனாலும் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டே போகலாம். புதிதாகக் கட்டிய வீட்டின் நெற்றியில் ‘கர்த்தர் வீட்டைக் கட்டாராகில்’ என்று இருக்கும். பழைய வீடு என்றால் ‘இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்’. கல்லறைத் தோட்டத்துச் சிலுவையில் ‘நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன்’. கலியாணக் கடிதத்தின் உச்சியில் ‘இந்தக் காரியம் கர்த்தரால் வந்தது’. வேதாகமத்திலிருந்து எடுத்த இவை எல்லாவற்றுக்கும் திருநெல்வேலிச் சீமையில் ஒரே பெயர், வசனம். அச்சகத்தில் கடிதம் அடிப்பவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும், கிறிஸ்தவ வீட்டுக் கலியாணம் என்று தெரிந்ததும் ‘என்ன வசனம் போடணும்?’ என்றுதான் கேட்பார்.

அதே ஊரில் சினிமா டைட்டிலில் ‘கதை, வசனம்’ என்று வருவதும் இந்தச் சொல்தான். ‘ரொம்ப வசனம் பேசாதலே’ என்று ஒருவன் வாயை அடைப்பதும் இதே சொல்லால்தான்.

வசனம் வடசொல். சமஸ்கிருதத்தில் ‘வச்’ என்ற வேருக்குப் பேசுதல் என்று பொருள். வசனம் என்றால் பேசப்பட்டது, பேச்சு. வாக்கு, வாக்கியம், வாசகம் எல்லாம் அதே வேரில் கிளைத்தவை. நாம் தமிழ் என்றே நினைத்துக்கொண்டிருக்கும் ‘வாசித்தல்’கூட அந்தக் குடும்பம்தான், உரக்கச் சொல்லவைப்பதுதான் அதன் பழைய பொருள். வீட்டு ஜெபத்தில் வேதத்தைச் சத்தமாக வாசிப்பவர்கள் அந்தப் பழம்பொருளைத் தெரியாமலே காப்பாற்றி வருகிறார்கள். ‘வாய்’ மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது. அது தமிழ், ஒலி ஒத்திருக்கிறதே என்று உறவு கொண்டாடக் கூடாது.

இலக்கணத்திலும் இந்தச் சொல் ஒரு வேலை பார்த்தது. ஒருமைக்கு ஏகவசனம், பன்மைக்குப் பகுவசனம். ‘பெரியவரை ஏகவசனத்துல பேசிட்டான்’ என்றால் நீ, வா, போ என்று மரியாதையில்லாமல் பேசிவிட்டான் என்று பொருள். தமிழ் வேதாகமம் கடவுளை ‘நீ’ என்றும் சொல்லாது, ‘நீங்கள்’ என்றும் சொல்லாது. ‘நீர்’ என்று சொல்லும். பிற ஊர்க்காரர்களுக்கு அது புத்தகத் தமிழாகத் தோன்றலாம். ‘வாரும்வே, இரும்வே’ என்று பேசி வளர்ந்த நெல்லைக்காரர் காதுக்கு அது ஒன்றும் அந்நியமில்லை.

இனி முக்கியமான பொருள். சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரை தமிழில் வசனம் என்றால் செய்யுள் அல்லாத எழுத்து, அதாவது இன்று நாம் உரைநடை என்று சொல்வது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரை ‘வசன நடை கைவந்த வல்லாளர்’ என்று பரிதிமாற் கலைஞர் பாராட்டினார். அந்த நாவலர்தான் இளவயதில் பெர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத் தமிழாக்கத்தில் உழைத்தவர். அந்த மொழிபெயர்ப்பு 1850-இல் வெளிவந்தது. பிற்காலத்தில் சைவத்துக்காக மிஷனரிகளோடு மல்லுக்கு நின்றவரும் அவரேதான். பாரதிக்குப் பிறகு ‘வசன கவிதை’ என்று ஒரு சேர்க்கை வந்தபோது, சேராத இரண்டைச் சேர்த்திருக்கிறார்களே என்று அந்தக் காலத்தவர் முகம் சுளித்ததற்குக் காரணமும் இந்தப் பொருள்தான்.

ஆங்கிலத்தில் வேதாகமத்தின் எண்ணிட்ட சிறு துண்டுக்குப் பெயர் ‘வெர்ஸ்’. லத்தீனில் ‘வெர்சுஸ்’ என்றால் திருப்பம், உழும்போது திரும்பித் திரும்பி வரும் சால், அதிலிருந்து எழுத்தின் வரி, அதிலிருந்து பாட்டின் வரி. ஆக அவர்கள் பாட்டின் பெயரை வைத்த இடத்தில் நாம் பாட்டுக்கு எதிரான உரைநடையின் பெயரை வைத்திருக்கிறோம். தவறு என்று சொல்ல வரவில்லை. நம்மவர்கள் எடுத்துக்கொண்டது ‘பேசப்பட்டது’ என்ற மூலப்பொருளை. ஆனால் இதில் ஒரு விளைவு உண்டு. வேதாகமத்தில் சங்கீதப் புத்தகம் முழுவதும் எபிரெயப் பாட்டு. நம் கையில் பரவலாக இருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் அது எண்ணிட்ட பத்திகளாகவே அச்சாகியிருக்கிறது. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம்தான் ‘திருப்பாடல்கள்’ என்று பெயரையும் மாற்றி, பாட்டாகவே வரி பிரித்தும் அச்சிட்டது. பாட்டு என்று கண்ணுக்குத் தெரிந்தால் வாசிக்கும் வேகமே மாறிவிடுகிறது.

எண்களுக்கு வருவோம். பவுல் ரோமருக்குக் கடிதம் எழுதியபோது அதில் அதிகாரமும் இல்லை, வசன எண்ணும் இல்லை. அதிகாரப் பிரிவு பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் என்ற ஆங்கிலேய மதகுரு செய்தது. எபிரெய ஏட்டில் வசனம் முடியும் இடத்தைக் காட்டும் அடையாளம் அதற்கு முன்னரே இருந்தது. புதிய ஏற்பாட்டுக்கு இன்று நாம் சொல்லும் எண்களை 1551-இல் இட்டவர் ராபர்ட் எத்தியேன் என்ற பிரெஞ்சு அச்சுக்காரர். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்கு 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது, ஐரோப்பாவில் அந்தப் பழக்கம் நன்றாக வேரூன்றிவிட்டது. திருநெல்வேலிக்கு இதில் தனிப் பங்கும் உண்டு. 1820 முதல் 1838 வரை பாளையங்கோட்டையில் இருந்த மிஷனரி ரேனியஸ், நடைமுறைத் தமிழுக்கு நெருக்கமாக ஒரு புதிய ஏற்பாட்டைத் தந்தார். 1871-இல் போவர் என்ற மிஷனரியின் தலைமையில் வந்த திருத்தத்தில் இடையன்குடி கால்டுவெல்லும் குழுவில் இருந்தார். இன்றும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீடுகளில் கறுப்பு அட்டை போட்டு இருப்பது பெரும்பாலும் அந்தத் திருத்தத்தின் வழிவந்ததே.

அந்த மொழிபெயர்ப்பில் ‘வசனம்’ எங்கெல்லாம் வருகிறது என்று பார்த்தால் சொல்லின் இன்னொரு முகம் தெரியும். ‘உம்முடைய வசனம் என் கால்களுக்குத் தீபம்’ என்கிறது 119-ஆம் சங்கீதம். ‘விதைக்கிறவன் வசனத்தை விதைக்கிறான்’ என்கிறது மாற்கு. ஆமோஸ் சொல்லும் பஞ்சம் சோற்றுப் பஞ்சமல்ல, ‘கர்த்தருடைய வசனம் கேட்கக்கிடையாத பஞ்சம்’. இந்த இடங்களில் வசனம் என்றால் கடவுள் சொன்ன செய்தி முழுவதும். எண்ணிட்ட துண்டு என்ற பொருள் எந்த இடத்திலும் இல்லை, இருக்கவும் முடியாது. ஆனால் நம் காதில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ‘அவருக்கு நல்ல வசனம் தெரியும்’ என்று ஒருவரைப் புகழும்போது, செய்தி புரிந்தவர் என்கிறோமா, எண்ணோடு துண்டுகளை ஒப்பிப்பவர் என்கிறோமா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. விதைக்கிறவன் உவமையை வாசித்துவிட்டு, விதை என்றால் மனப்பாட வசனம்தான் என்று நம்பி வளர்ந்த பிள்ளைகள் இங்கே ஏராளம்.

ஞாயிறு பள்ளியில் எல்லாம் வசனத்தில்தான் தொடங்கும். வாரத்துக்கொரு மனப்பாட வசனம், வருஷக் கடைசியில் வசனப் போட்டி. தப்பிக்கத் தெரிந்த பையனுக்கு ‘இயேசு கண்ணீர்விட்டார்’ இருக்கவே இருக்கிறது. யோவான் 11:35, இரண்டே சொல். ஒரு முழு அதிகாரம் சொல்ல வேண்டுமென்றால் 117-ஆம் சங்கீதம். மொத்தம் இரண்டு வசனம்தான். தண்டனையாக விழுவது 119, அதில் 176.

வீட்டிலே இரவு ஜெபத்தில் ‘ஆளுக்கொரு வசனம்’ என்ற முறை உண்டு. பாட்டுக்குப் பிறகு அதிகாரத்தைத் திறந்து, ஆச்சி ஒன்று, அம்மா ஒன்று, பேரன் ஒன்று என்று சுற்றி வரும். எழுத்துக்கூட்டி வாசிக்கிற சின்னப் பிள்ளைக்கும் ஒரு பங்கு கிடைக்கும். எழுதப்படிக்கத் தெரியாத தாத்தா தன் முறை வரும்போது மனப்பாடமாகவே சொல்லிவிடுவார். வீடு முழுவதையும் வேதத்துக்குள் இழுத்துவிட இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் எபேசியரில் முதலாம் அதிகாரம் 3 முதல் 14 வரை கிரேக்கத்தில் ஒரே வாக்கியம். ஆறு பேர் வாசித்தால் ஆளுக்கு இரண்டு துண்டு. தன் துண்டைச் சரியாக வாசித்துவிட்ட நிம்மதியில் யாரும் அடுத்தவர் வாசிப்பதைக் கேட்பதில்லை என்பது இந்த முறையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். சுற்று முடிந்ததும் யாராவது ஒருவர் மறுபடி ஒரே மூச்சில் அதை வாசித்துக் காட்டினால் நல்லது.

துண்டாக எடுப்பதன் உச்சம் வருஷப் பிறப்பு. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் பழைய வருஷத்தை அனுப்பி வைத்துவிட்டு, தட்டிலிருந்து ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். வாக்குத்தத்தம் என்றால் வாக்கால் கொடுக்கப்பட்டது. அட்டையில் அடிக்கடி வருவது எரேமியா 29:11, கர்த்தர் நம்மேல் நினைத்திருப்பவை ‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்பது. பரீட்சை எழுதுகிற பிள்ளைக்கும் சவுதி விசாவுக்குக் காத்திருக்கிறவருக்கும் அது தேன். அந்த அதிகாரம், பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அதில் பத்தாம் வசனம் என்ன சொல்கிறது? பாபிலோனில் எழுபது வருஷம் கழிய வேண்டும். ஐந்தாம் வசனம்? அங்கேயே வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள். முந்திய அதிகாரத்தில் அனனியா என்பவன் இரண்டு வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னான். பொய்த் தீர்க்கதரிசி என்று பெயர் வாங்கியவன் அவன். கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் எழுபதாவது வருஷத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அவர்களுக்குச் சொன்ன நம்பிக்கை இது. அட்டையில் எடுப்பதை நான் கேலி செய்யவில்லை. எடுத்த கையோடு அந்த அதிகாரத்தையும் வாசித்தால், அட்டை சொல்வதைவிடப் பெரிய நம்பிக்கை அதில் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

துண்டு வசனத்தால் வரும் வம்பை வேதமே ஓரிடத்தில் காட்டுகிறது. தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, தாழக் குதியும் என்று சொன்ன பிசாசு அதற்கு ஆதாரமாக எடுத்தது 91-ஆம் சங்கீதம், 11, 12. நம்மூரில் நோய் வந்தாலும் பயணம் கிளம்பினாலும் முதலில் திறக்கிற சங்கீதம் அதுதான். பிசாசு வசனத்தை ஏறக்குறைய சரியாகவே சொன்னான். இயேசு இன்னொரு வசனத்தை எடுத்து அதை நிறுத்தினார்.

சரி, இதற்குத் தமிழ் என்ன?

கத்தோலிக்கர் வழக்கத்தில் ‘வாக்கு’ முன்னுக்கு வந்திருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பின் ‘ஆதியிலே வார்த்தை இருந்தது’ திருவிவிலியத்தில் ‘தொடக்கத்தில் வாக்கு இருந்தது’ என்று ஆனது. திருப்பலியில் படிப்பது ‘வாசகம்’, படித்து முடித்ததும் ‘ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு’. கேட்க இனிமையாக இருந்தாலும் வாக்கும் வாசகமும் வடசொற்களே; வார்த்தையும் அப்படியே. ‘இறைவார்த்தை’ என்பதில் முன்பாதி மட்டும்தான் தமிழ். தவிர, இந்தப் பக்கம் கோயில் கொடையில் சாமியாடி சொல்வதும் அருள்வாக்குதான் என்பதால், சீர்திருத்த சபை வீடுகளில் அந்தச் சொல் எளிதில் ஒட்டாது.

தனித்தமிழில் தேடினால் ‘மொழி’ இருக்கிறது. ‘நிறைமொழி மாந்தர் பெருமை நிலத்து மறைமொழி காட்டி விடும்’ என்பது குறள். ஆனால் மறைமொழி என்றால் தொல்காப்பியருக்கு மந்திரம். வேத வசனத்துக்கு அந்தப் பெயரை வைத்தால் ஓதி மந்திரிக்கிற பொருள் கூடவே வந்துவிடும். நம் தாமிரபரணிக் கரையிலேயே, ஆழ்வார்திருநகரியில், நம்மாழ்வார் பாடியதற்குத் ‘திருவாய்மொழி’ என்று பெயர். தெய்வம் பேசியது என்ற பொருளுக்கு ‘திருமொழி’யைவிட அழகான சொல்லைப் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை.

ஆனால் ‘யோவான் மூன்றாம் அதிகாரம் பதினாறாம் திருமொழி’ என்று ஆலயத்தில் அறிவித்துப் பாருங்கள், நாக்கு ஒத்துழைக்காது. அடி, வரி என்பவை பாட்டுக்கும் கோட்டுக்கும் உரியவை. எண்ணிட்ட துண்டுக்கு வசனம் என்ற பெயரே இருக்கட்டும். மேலப்பாளையத்து முஸ்லிம்களும் குர்ஆன் ஆயத்தைத் தமிழில் வசனம் என்றே சொல்கிறார்கள்; இரண்டு சமயத்தார் கூடி நிலைநிறுத்திய சொல் அது. எழுத்து நடைக்கு ‘உரைநடை’ வந்துவிட்டது, சினிமாவுக்கு ‘உரையாடல்’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த இரண்டு வேலையும் குறைந்துவருவதால் இந்த ஒரு வேலைக்கு அது இன்னும் பொருத்தமாகிவிட்டது.

கடவுள் சொன்ன செய்தி என்ற பெரிய பொருளுக்கு மட்டும் வேறு சொல் வேண்டும். யாக்கோபு நிருபத்தில் ‘திருவசனத்தைக் கேட்கிறவர்களாய் மாத்திரமல்ல, அதின்படி செய்கிறவர்களாயும் இருங்கள்’ என்று வருகிற இடம் அதுதான். அங்கே ‘திருமொழி’ என்று போடலாம். அதற்கு எண் கேட்க யாருக்கும் தோன்றாது.