ஐந்து சுரம் ஓடினால் ப்ளூஸ் வந்துவிடாது

வெள்ளவத்தையில் கிற்றார் வகுப்பு எடுக்கிறேன். ப்ளூஸ் என்கிற அமெரிக்க இசையைப் பழக வருகிற இளையவர்களில் பலர், யூடியூப் பார்த்து ஐந்தாம் ஃப்ரெட்டில் (கிற்றார் கழுத்தில் குறுக்குக் கம்பிகள் பிரிக்கும் கட்டம்) ஏ மைனர் பென்ரரோனிக் என்ற ஐந்து சுர ஸ்கேலைப் பாடமாக்கிக்கொண்டுதான் வருகிறார்கள். விரல் வேகமாக ஓடும். "இப்ப பின்னால எந்தக் கோட் போகுது?" என்று கேட்டால் பதில் வராது. கோட் என்றால் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டம். இந்தப் பழக்கம் ஊறிவிட்டால் மாற்றுவது கஷ்டம். அதனால்தான் எழுதுகிறேன்.

ப்ளூஸில் அதிகம் வரும் கோட் சுற்று 12 பார் (தாளச் சுற்றுகள்) கொண்டது. ஏ-யை ஆதார சுரமாக வைத்து வாசித்தால் முதல் 4 பார் ஏ செவன் என்ற கோட், அடுத்த 2 டி செவன், மறுபடி 2 ஏ செவன். அப்புறம் ஈ செவன் ஒன்று, டி செவன் ஒன்று, கடைசி இரண்டும் ஏ செவன். வேறு விதங்களும் உண்டு, தொடக்கத்துக்கு இது போதும்.

மெல்லிய கம்பியிலிருந்து எண்ணி மூன்றாவது கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட்டைப் பிடியுங்கள். அது சி. டி செவனில் டி, எஃப் ஷார்ப், ஏ, சி என்று அந்தச் சுரம் ஏற்கெனவே இருப்பதால் நேராக வாசித்தாலே பொருந்தும். ஏ செவனில் இருப்பதோ சி ஷார்ப். அங்கே சி-யை அசையாமல் நிறுத்தினால் உரசும். ஆள்காட்டி விரலால் கம்பியைத் தரைப்பக்கமாகக் கொஞ்சம் இழுத்து, சி-க்கும் சி ஷார்ப்புக்கும் நடுவில் நிறுத்திக் கேளுங்கள். ப்ளூஸின் குரல் அதுதான். பியானோவில் அதற்குக் கட்டையே கிடையாது. அமெரிக்காவின் தென்பகுதிக் கறுப்பின மக்கள் பாடிய விதத்திலிருந்து வந்தது அது. 1925இல் மிசிசிப்பியில் பிறந்த ப்ளூஸ் கிற்றார் கலைஞர் பி.பி. கிங், ஸ்லைடு வாசிப்பின் (கம்பி மேல் குழாயை வழுக்கி வாசிப்பது) ஒலியை வெறும் விரல் அசைவிலேயே கொண்டுவர முயன்றுதான் தன் பாணியைக் கண்டுபிடித்தார்.

வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்கு இந்த ஸ்கேல் புதிதல்ல, சுத்த தன்யாசி ராகத்தின் அதே சுரங்கள். கமகம் பழகிய காதும் இழுப்பைச் சட்டென்று பிடித்துவிடும். ஆனால் தம்புராவில் சட்ஜம் அசையாது. ப்ளூஸிலோ அடித்தளம் மாறிக்கொண்டே போகும். அவர்கள் உழைக்க வேண்டியது அங்கேதான். கிற்றாரை மடியில் வைத்துவிட்டு, பின்னணியை மட்டும் ஓடவிட்டு, கோட் மாறும் இடங்களில் ஏ, டி, ஈ என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன். அது தடுமாறாமல் வந்த பிறகு மூன்றே சுரங்களில் வாசிக்கலாம். வேகம் பிறகு தானாக வரும்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் கிடக்கும் பழைய அக்குஸ்டிக் கிற்றாரில் பிள்ளையைக் கம்பி இழுக்க விடாதீர்கள். பெரும்பாலும் 12 கேஜ் (கம்பியின் தடிப்பு) கம்பி, மூன்றாவது கம்பி மேலே இழை சுற்றிய சுற்றுக் கம்பியாகவும் இருக்கும், இழுபடாது. கடற்காற்றுக்குத் துருவும் பிடித்திருந்தால் விரல்தான் கிழியும். எலெக்ட்ரிக் கிற்றாரில் 9 அல்லது 10 கேஜ் போட்டுக் கொடுங்கள். இழுக்கும்போது விரலை மட்டும் நம்பாமல் மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். விரல் நுனி நோவது வழமை, சில வாரத்தில் காய்த்துவிடும். மணிக்கட்டு நொந்தாலோ விரல் விறைத்தாலோ அன்றைக்கு வாசிப்பை நிறுத்துங்கள். மறுநாளும் விடாவிட்டால் டொக்டரிடம் காட்டுங்கள்.