இக்னிஷன்: தீ மூட்டலா, பொறி மூட்டலா?

இக்னிஷன் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் எரிபற்றல், எரியூட்டல், தீமூட்டல், பற்றவைப்பு என்று பல சொற்கள் புழங்குகின்றன. பட்டறைக்குள் இவற்றில் ஒன்றும் நுழைவதில்லை. அங்கே “கரண்ட் வரல”, “பாயிண்ட் கருகிப்போச்சு”, “டைமிங் தள்ளிப்போச்சு” என்பதுதான் பேச்சு. 1960களிலும் 70களிலும் ஓடிய பழைய மோட்டோகிராஸ் (கரடுமுரடான மண்பாதைப் பந்தய) வண்டி ஒன்றின் பாயிண்டை, அதாவது மின்னோட்டத்தை முறித்துப் பொறி வரவைக்கும் தொடுமுனையை, கழற்றிவிட்டு மின்னணு இக்னிஷன் பூட்டும் வேலையை எடுத்துக்கொண்டால், இந்தச் சொற்களில் எது எங்கே பொருந்தும் என்பது தெளிவாகிவிடும்.

லத்தீனில் இக்னிஸ் என்றால் நெருப்பு. சமஸ்கிருத அக்னி, லிதுவேனிய மொழியின் உக்னிஸ், செக் மொழியின் ஒஹென் எல்லாம் இதற்குப் பங்காளிகள். ஆங்கிலம் இதை 17ஆம் நூற்றாண்டில் எடுத்துக்கொண்டது. மற்ற ஐரோப்பியர்கள் தங்கள் வீட்டு வினைச்சொற்களையே வண்டிக்கும் வைத்துக்கொண்டார்கள். ஜெர்மானியருக்கு அது சூண்டுங், ஸ்பானியருக்கு என்சென்டிடோ, பிரெஞ்சுக்காரருக்கு அலுமாஜ், செக்குகளுக்கு ஸபலோவானி. ஜெர்மனியின் மைக்கோ, ஸ்பெயினின் புல்டாகோ, செக் நாட்டின் சி.இசட். போன்ற பழைய வண்டிகளின் அசல் பாகப் புத்தகத்தைத் தேடி வாங்குகிறவர்களுக்கு இந்தச் சொற்கள் உதவும். சூண்டாப் என்ற வண்டிப் பெயருக்குள்ளும் இதே ஜெர்மன் வேர்தான் இருக்கிறது. அந்த நிறுவனம் 1917இல் நியூரம்பெர்க்கில் வெடிகுண்டுத் திரி செய்யத் தொடங்கிய ஒன்று.

தமிழுக்கு வருவோம். ஆங்கிலத்தின் ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது: கலவை தானே தீப்பிடிப்பதும் இக்னிஷன், அதைப் பிடிக்கவைப்பதும் இக்னிஷன். தமிழில் பற்றுவது வேறு, பற்றவைப்பது வேறு. ஆகவே எரிபற்றல் என்பது பெட்ரோல் கலவைக்கு நிகழ்வது. டீசல் என்ஜினில் அழுத்தத்தின் சூட்டால் எரிபொருள் தானே பற்றுகிறதே, அதற்கும், பிளக் பொறி விடும் முன்பே சிலிண்டருக்குள் கனன்றுகொண்டிருக்கும் கரித்துண்டால் கலவை பற்றிக்கொள்ளும் கோளாறுக்கும் அந்தச் சொல் கச்சிதம். பின்னதை முன்பற்றல் என்றே சொல்லலாம். ஆனால் காயில் (கம்பிச் சுருள்), பாயிண்ட், பிளக் அடங்கிய அமைப்புக்கு அது பொருந்தாது. எரியூட்டல் இன்னும் சிக்கல். செய்தித்தாள் வாசகருக்கு அது சுடுகாட்டுச் சொல், மெக்கானிக்குக்கோ கார்புரேட்டர் எரிபொருள் ஊட்டுவதுபோல ஒலிக்கும்.

அந்த அமைப்பு செய்வதெல்லாம் சரியான கணத்தில் ஒரு பொறியைத் தெறிக்கவிடுவதுதான். பொறி என்ற சொல்லைத் தமிழ் எத்தனை இடத்தில் வைத்திருக்கிறது பாருங்கள்: தீப்பொறி, எலிப்பொறி, ஐம்பொறி, இயந்திரம் என்ற பொருளிலும் பொறி, அதிலிருந்து பொறியியல். பொறிக்குள் பொறி விடும் அமைப்புக்குப் பொறிமூட்டு அமைப்பு என்பது இயல்பாகவே அமைகிறது. பட்டறைக்காரர்கள் நாளைக்கே இதைச் சொல்லப்போவதில்லை. எழுதும்போதாவது எரிபற்றலையும் பொறிமூட்டலையும் பிரித்து எழுதினால் படிப்பவருக்குக் குழப்பம் இராது.

அடுத்தது பாயிண்ட். நம்மூர்ப் பழைய மெக்கானிக்குகள் இதைப் பிளாட்டினம் என்பார்கள். கேலியாகத் தோன்றினாலும் அதில் வரலாறு உண்டு. தொடக்க காலத்தில் அந்தத் தொடுமுனைகளில் உண்மையிலேயே பிளாட்டினம் இருந்தது. பிறகு டங்ஸ்டன் வந்தது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. ஸ்பானியர் இன்றும் பிளாட்டினோஸ் என்கிறார்கள், பிரெஞ்சுக்காரர் பிளாட்டின திருகு என்கிறார்கள். ஆங்கிலத்தில் முழுப்பெயர் கான்டாக்ட் பிரேக்கர், அதாவது தொடர்பு முறிப்பான். வேலை என்னவென்று சொல்லும் பெயர் அதுதான்.

மோட்டோகிராஸ் வண்டியில் பேட்டரி இல்லை. பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்கின் முனையில் சுழலும் காந்தச் சக்கரம் உள்ளே இருக்கும் காயிலில் மின்னோட்டத்தை எழுப்புகிறது. இந்த மேக்னெட்டோ முறையை 1897இல் ராபர்ட் போஷ் ஒரு தே தியோன்-பூத்தோன் மூன்று சக்கர வண்டிக்குப் பொருத்தினார். அவரிடம் பணிபுரிந்த கோட்லோப் ஹோனோல்ட் 1902இல் உயர் அழுத்த மேக்னெட்டோவையும் பிளக்கையும் சேர்த்துத் தந்தார். மேக்னெட் என்ற பெயர் கிரேக்கத்தின் மக்னீசியா நிலப்பகுதியிலிருந்து வந்தது. நம் காந்தம் அயஸ்காந்தத்தின் சுருக்கம், இரும்பின் காதலன் என்று பொருள். பெயர் வைப்பதில் நம் பக்கம்தான் ரசனை அதிகம்.

பாயிண்ட் மூடியிருக்கும்போது மின்னோட்டம் ஓடுகிறது. உச்சத்தில் இருக்கும் கணத்தில் பாயிண்ட் திறந்து அதை முறிக்கிறது. வேகமாக ஓடும் தண்ணீரைக் குழாயில் சட்டென்று அடைத்தால் குழாய் ‘டொக்’கென்று அதிருமே, அதே கதைதான். ஓட்டம் அறுபட்ட அதிர்ச்சி காயிலில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக எழும்பி பிளக்கில் பொறியாகிறது. பக்கத்தில் இருக்கும் சுமார் 0.2 முதல் 0.3 மைக்ரோஃபாரட் கன்டென்சர் (மின்தேக்கி), பாயிண்ட் பிரியும் இடத்தில் பொறி பறக்காமல் அதிர்ச்சியை உள்வாங்குகிறது. கன்டென்சர் செத்தால் பாயிண்டில் நீலப்பொறி தெரியும், பிளக்கில் ஒன்றும் வராது.

இந்த முறை எங்கே தோற்கிறது? டூ ஸ்ட்ரோக் என்ஜின் 6,000 ஆர்.பி.எம்.மில் வினாடிக்கு 100 பொறி கேட்கும். அந்த வேகத்தில் கிராங்க் ஒரு டிகிரி திரும்ப 28 மைக்ரோ வினாடிதான். பாயிண்டின் ஸ்பிரிங் துள்ளினால் பொறி தவறும். பாயிண்டைத் தள்ளித் திறக்கும் கேமில் உரசும் ஃபைபர் குதிகால் தேயத் தேய, பொதுவாக 0.35 முதல் 0.40 மி.மீ. வைக்கும் இடைவெளி குறைந்துகொண்டே வரும். இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், பொறி பிந்தும். ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்பு இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் முனையைத் தேய்க்கும் ஸீரோ பேப்பருமாக உட்கார வேண்டியதன் காரணம் இதுதான். டைமிங் (பொறி விழும் கணம்) சரிபார்க்க மல்டிமீட்டரைப் பாயிண்டுக்குக் குறுக்கே வைத்து ஏமாறுபவர்கள் உண்டு. காயிலின் மின்தடை மிகக் குறைவு என்பதால் பாயிண்ட் திறந்தாலும் மூடினாலும் மீட்டர் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். காயில் ஒயரைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும், அல்லது மெல்லிய சிகரெட் தாளை இடையில் செருகி அது நழுவும் கணத்தைப் பிடிக்க வேண்டும்.

மாற்று முறையின் பெயர் சி.டி.ஐ. விரித்தால் மின்தேக்கி இறக்கப் பொறிமூட்டல். தேக்கி என்ற தமிழ்ச்சொல் இங்கே அச்சாகப் பொருந்துகிறது. சார்ஜிங் காயில் எழுப்பும் சில நூறு வோல்ட்டை டையோடு நேராக்கி மின்தேக்கியில் நிரப்புகிறது. சுழலும் காந்தம் கணத்தை உணர்த்தும் பிக்கப் காயிலைக் கடந்ததும் தைரிஸ்டர் என்ற மின்னணு சுவிட்ச் மதகைத் திறக்கிறது. தேங்கியதெல்லாம் ஒரே பாய்ச்சலில் காயிலுக்குள் இறங்குகிறது. பாயிண்டில் ஓட்டத்தை முறித்தல், இதில் மதகைத் திறந்து பாயவிடுதல். வினையே தலைகீழ். கன்டென்சர் என்ற ஒரே பெயர் இரண்டிலும் இருந்தாலும் அங்கே அது அதிர்ச்சி தாங்கி, இங்கே அணைக்கட்டு.

இந்த வேறுபாட்டைச் சொல்லளவில் விட்டுவிட்டால் கைக்காசு போகும். பாயிண்ட் காயில் ஆற்றலைத் தன்னுள் சேர்த்துவைத்துக் கொடுப்பது, சி.டி.ஐ. காயில் வெறும் வோல்ட் ஏற்றி. ஒன்றை மற்றதன் இடத்தில் போட்டால் பலவீனப் பொறி வரும், அல்லது சூடேறிக் காயில் சாகும். பட்டறையில் மின்னணு இக்னிஷன் அனைத்தையும் சி.டி.ஐ. என்றே சொல்லிவிடுவதும் இதனால் ஆபத்து. பழைய வண்டிகளுக்குப் பரவலாகப் பூட்டப்படும் பி.வி.எல். நிறுவனத்தின் அனலாக் கிட் (மாற்றுப் பாகங்களின் தொகுப்பு) சி.டி.ஐ.யே அல்ல. அதுவும் ஓட்டத்தை முறிக்கும் வகைதான், முறிப்பது மட்டும் டிரான்சிஸ்டர், அதுவும் காயிலுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ஆகவே அதன் காயிலுக்குப் பதில் கையில் கிடைத்த சி.டி.ஐ. காயிலைப் போட முடியாது. கிட்டாக வாங்கியதைக் கிட்டாகவே பூட்டுங்கள்.

இருசக்கர வண்டிகளில் சி.டி.ஐ. பேர் வாங்கியது 1969இன் கவாசாகி எச்1 வழியாக. ஐரோப்பிய மோட்டோகிராஸ் உலகில் அதே காலத்தில் பார்சிலோனாவின் மோட்டோபிளாட் நிறுவனத்து மின்னணு இக்னிஷன் பரவியது. ஹஸ்க்வர்னா, மைக்கோ, புல்டாகோ எல்லாம் அதற்கு மாறின. அரை நூற்றாண்டு கடந்த மோட்டோபிளாட் ஸ்டேட்டர்கள் (சுழலாமல் நிற்கும் காயில் தொகுதிகள்) பிசினில் அடைத்தவை என்பதால் பிரித்துப் பழுது பார்ப்பது கடினம். குளிரில் நன்றாக ஓடி, சூடேறியதும் நின்று, ஆறியதும் மறுபடி கிளம்பினால் உள்ளே காயில் கம்பி விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

இனி பூட்டும் வேலை. முதல் கருவி, காந்தச் சக்கரத்தை இழுத்துக் கழற்றும் சரியான மேக்னெட் புல்லர். மரை வலமா இடமா என்று பார்த்தபின் திருப்புங்கள். சுத்தியலால் தட்டினால் காந்தம் விரிசல் விடும், கிராங்கும் கோணும். சக்கரத்தை எடுத்ததும் உள்ளே பெட்ரோல் வாசமோ எண்ணெய் ஈரமோ இருந்தால் அந்தப் பக்க கிராங்க் சீல் போய்விட்டது. அதை மாற்றாமல் புது இக்னிஷன் பூட்டினால், சீல் வழியே காற்று புகுந்து கலவை மெலிந்து பிஸ்டன் சிக்கும், பழி புது கிட்டின் மேல் விழும். கிராங்க் முனையை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். மெயின் பேரிங் ஆட்டம் இருந்தால் ரோட்டர், அதாவது சுழலும் காந்தச் சக்கரம், ஸ்டேட்டரை உரசும். பூட்டிச் சிறிது ஓட்டியபின் கழற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாகத் தேய்ந்திருக்கும்.

சில கிட்டுகளின் ரோட்டரில் சாவிப் பள்ளம் கிடையாது. கூம்புப் பிடிப்பு ஒன்றே அதை நிறுத்துகிறது. வால்வு தேய்க்கும் பேஸ்ட்டைத் தடவி ரோட்டரைக் கூம்பின் மேல் கையால் லேசாகத் தேய்த்து, முழுக்கச் சாம்பல் நிறம் படர்ந்ததும் பேஸ்ட்டைத் துளியும் இல்லாமல் துடைத்து, எண்ணெய்ப் பசை இன்றிப் பூட்ட வேண்டும். பசை இருந்தால் ஓடும்போதே ரோட்டர் நழுவி டைமிங் மாறும். சுழல் திசையும் முக்கியம். வலஞ்சுழி கிட்டை இடஞ்சுழி என்ஜினில் போட்டால் பொறி தவறான இடத்தில் விழும், அல்லது விழாது.

டைமிங்கைப் பொறிநேரம் எனலாம், அட்வான்ஸ் முந்துதல், ரிடார்ட் பிந்துதல். பழைய கையேடுகள் இதை டிகிரியில் சொல்லாமல், பிஸ்டன் உச்சிக்கு எத்தனை மி.மீ. கீழே என்று சொல்லும். பிளக் துளையில் டயல் கேஜ் பூட்டி அளப்பது அதனால்தான். சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 64 மி.மீ. உள்ள சி.இசட். 250ஐ எடுத்து, கனெக்டிங் ராடு 120 மி.மீ. என்று வைத்துக் கணக்கிட்டால் 20 டிகிரி என்பது 2.43 மி.மீ., 22 டிகிரி 2.93 மி.மீ. ஒரு டிகிரிக்குக் கால் மி.மீ. என்று மனத்தில் வைத்தால் போதும்.

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். பாயிண்டின் பொறிநேரம் எந்த வேகத்திலும் நிலையானது. மின்னணு கிட்டோ வேகத்துக்கேற்ப முந்தும், பிந்தும். அதனால் பாயிண்டுக்கான மி.மீ. எண்ணை அப்படியே வைக்காமல், கிட்டின் தாளில் சொன்ன எண்ணை வைத்து, அது சொல்லும் ஆர்.பி.எம்.மில், பொறியோடு சேர்ந்து மின்னும் ஸ்ட்ரோப் விளக்கால் சரிபாருங்கள். பொறி அதிகம் முந்தினால் ‘கிளிங் கிளிங்’ என்று அடிக்கும். ஹெல்மெட்டுக்குள் அது கேட்காமல் போனால் பிஸ்டன் நடுவில் ஓட்டை விழும். பிந்தினால் சைலன்சர் சிவக்கும், இழுவை செத்துப்போகும்.

பிறகு சின்ன வேலைகள். காயில் அமரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, என்ஜினிலிருந்து தனி எர்த் ஒயர் இழுங்கள். ரப்பர் மவுண்ட் போட்ட பழைய சட்டங்களில் இது இல்லாமல் பொறி வருவதும் போவதுமாக இருக்கும். பிளக் இடைவெளி 0.5 முதல் 0.6 மி.மீ. கிட் ரெசிஸ்டர் (மின்தடை) கேட்டால் 5 கிலோ ஓம் பிளக் தொப்பி போடுங்கள். பிளக்கைக் கழற்றி வெளியே தொங்கவிட்டு, எர்த் தொடாமல் கிக்கரை மிதித்தால் உயர் அழுத்தம் உள்ளுக்குள்ளேயே பாய்ந்து காயில் பொத்துப்போகும். ரோட்டர் ஸ்டேட்டருக்கு உள்ளே சுழலும் கிட்டின் எடை பழைய சக்கரத்தைவிடக் குறைவு. வண்டி சீறிக் கிளம்பும், ஆனால் சேற்று வளைவில் குறைந்த வேகத்தில் சட்டென்று நின்றுவிடும். அதற்கென விற்கும் எடை வளையத்தைச் சேர்ப்பது ஒரு வழி.

கடைசியாக, இக்னிஷன் சாவி. கார் ஓட்டுகிறவருக்கு இக்னிஷன் என்றாலே சாவிதான். மோட்டோகிராஸ் வண்டியில் சாவியே கிடையாது, ஹேண்டில்பாரில் அணைப்புப் பொத்தான் மட்டும் உண்டு. பேட்டரி வண்டியில் சுவிட்ச் சுற்றைத் திறந்து என்ஜினை நிறுத்தும். இதில் பொத்தான் மூடி, மின்னோட்டத்தை எர்த்துக்கு இறக்கி நிறுத்தும். பேட்டரி வண்டியின் சுவிட்சை இதில் பூட்டினால் ‘ஆன்’ வைத்தால் நிற்கும், ‘ஆஃப்’ வைத்தால் ஓடும். தண்ணீர் பாய்ச்சிக் கழுவிய மறுநாள் பொறி வரவில்லையா? காயிலைச் சந்தேகிக்கும் முன் அந்தப் பொத்தானின் ஒயரைக் கழற்றிவிட்டு ஒரு மிதி மிதித்துப் பாருங்கள்.