நூற்றாண்டு வெள்ளமா, நூற்றிலொரு வெள்ளமா?

ஒரு நகராட்சியின் வெள்ளத் தடுப்புத் திட்டத்தைத் தமிழில் படித்துக்கொண்டிருந்தேன். ஆற்றோரக் கரைச்சுவரின் உயரம் ‘நூற்றாண்டு வெள்ளத்தை’க் கணக்கில் கொண்டு முடிவு செய்யப்பட்டது என்ற வரியில், எத்தனையாவது முறையாகவோ, மனம் இடறி நின்றது. செய்திகளிலும் இதே சொல்தான். சற்று விரித்து எழுதுகிறவர்கள் ‘நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்’ என்கிறார்கள். இரண்டும் படிப்பவரைத் தவறான இடத்தில் கொண்டுபோய் விடுகின்றன.

‘வெள்ளம்’ பழஞ்சொல், நீர்ப்பெருக்கைக் குறித்ததோடு பேரெண் ஒன்றின் பெயராகவும் வழங்கியது. பிழை அதற்கு முன்னால் ஒட்டிய சொல்லில் இருக்கிறது. ஆற்றில் ஆண்டுதோறும் பதிவான உச்ச நீரோட்டங்களைக் கொண்டு, எந்த ஓர் ஆண்டிலும் எட்டவோ மிஞ்சவோ நூற்றில் ஒரு வாய்ப்புள்ள அளவை நீரியலாளர்கள் கணிக்கிறார்கள். அந்த வாய்ப்பைத் தலைகீழாக்கினால் கிடைப்பதுதான் நூறு ஆண்டு என்னும் எண். அது மிக நீண்ட காலத்துக்குப் பார்த்த சராசரி இடைவெளியே தவிர, வெள்ளத்துக்கு வைத்த தவணை அன்று.

தமிழில் ‘நூற்றாண்டு விழா’ என்றால் நூறு ஆண்டு நிறைந்ததும் வருவது. அந்தப் பழக்கத்தில் ‘நூற்றாண்டு வெள்ளம்’ என்பதைப் படிப்பவர், பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் குறிஞ்சியைப் போல முறைவைத்து வருவதாகத்தான் கொள்வார். “போன ஆண்டுதான் வந்துவிட்டதே, இனி நம் காலத்தில் வராது” என்று ஆற்றோரத்தில் மனை வாங்குகிறவர் சொல்வதற்கு இந்தச் சொல்லே இடம் கொடுக்கிறது. தொண்ணூற்றொன்பது புளியங்கொட்டைகளோடு ஒரு குன்றிமணியைப் பையில் போட்டுக் குலுக்கி, ஆண்டுக்கொருமுறை ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு குன்றிமணி வந்ததால் அடுத்த ஆண்டு அது வராமற்போகாது. முப்பது ஆண்டு அங்கே குடியிருப்பவர் இந்த அளவு வெள்ளத்தை ஒருமுறையேனும் காண ஏறத்தாழ 26 விழுக்காடு வாய்ப்புண்டு. நூறு ஆண்டு முழுதும் இருந்தாலும் 63 விழுக்காடுதான். ‘நூறு ஆண்டுக்கு ஒருமுறை’ என்ற தொடரில் இந்த இரண்டு எண்களுக்கும் இடமில்லை.

இன்னொரு குறையும் உண்டு. சிறிய வடிகால்களைப் பத்தில் ஒரு வாய்ப்புள்ள வெள்ளத்துக்கு வடிவமைத்தால், அதைப் ‘பத்தாண்டு வெள்ளம்’ என்றா எழுதுவது? பத்தாண்டு வடியாமல் நின்ற வெள்ளம் என்றல்லவா பொருள்படும்? அந்தச் சராசரி இடைவெளியைக் குறிக்கும் ‘மீள்வரவுக் காலம்’ என்னும் கலைச்சொல்லும் அதே வெள்ளம் நாள் குறித்துத் திரும்பி வருவதாகவே காட்டுகிறது. ‘ஒரு விழுக்காட்டு வெள்ளம்’ என்பது கணக்கில் சரி. ஆனால் எதில் ஒரு விழுக்காடு என்று தெரியாமல், ஏதோ சிறு வெள்ளம் போலக் காதில் விழுகிறது.

ஆகவே ‘நூற்றிலொரு வெள்ளம்’ என்பதே என் தேர்வு. ‘ஐம்பதிலொரு’, ‘பத்திலொரு’ என்று தடையின்றி நீளும். ஆற்றின் மேல்பகுதியில் கட்டடங்கள் பெருகி மழைநீர் விரைந்து ஆற்றில் சேரும்போது, நேற்றைய நூற்றிலொரு வெள்ளம் இன்று ஐம்பதிலொரு வெள்ளமாகிவிட்டது என்று நகராட்சியால் ஒரே வரியில் சொல்ல முடியும். நூற்றாண்டு ஐம்பதாண்டாகச் சுருங்கியது என்று எழுதினால் யாருக்கு விளங்கும்? மொழிபெயர்ப்பவர்கள் ஆங்கில மூலத்தில் ‘100-year flood’ என்பதைக் கண்டதும் சொல்லுக்குச் சொல் ‘நூற்றாண்டு’ என்று மாற்றிவிட்டு நகர்கிறார்கள். அந்த எண் எதை அளக்கிறது என்று பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. வெள்ள அபாய வரைபடத்தின் தலைப்பில் ‘எந்த ஆண்டிலும் வரக்கூடிய நூற்றிலொரு வெள்ளம்’ என்று முழுமையாக ஒருமுறை எழுதிவிட்டால், அதன்பின் வரும் பக்கங்களில் சுருக்கமாக ‘நூற்றிலொரு வெள்ளம்’ என்றே எழுதிப் போகலாம்.