சாயில் எரோஷன்: மண் அரிப்பு

'எரோஷன்' லத்தீனிலிருந்து வந்த சொல். கொறித்தெடுத்தல் என்பது வேர்ப்பொருள்; எலியினத்தைக் குறிக்கும் 'ரோடென்ட்'டுக்கும் அதே வேர்தான். கறையான் மரத்தை அரிக்கிறது என்கிறோமே, அந்த 'அரி' இதற்கு அப்படியே பொருந்துகிறது. பாடநூல்களில் 'அரிமானம்' என்றும் வரும். உலோகம் அரிபடுவதற்கும் அதையே சொல்வதால், வயலுக்கு 'மண் அரிப்பு' நல்லது.

அரிசி அரிப்பதும் இதே சொல்தான்: கல் அடியில் தங்க, அரிசி நீரோடு நகரும். வயலிலும் மட்கிய சத்தும் நுண்ணிய களிமண்ணும் முதலில் போகும், மணலும் சரளையும் தங்கும். ஆகவே போன மண் பெரும்பாலும் மிஞ்சியதைவிட வளமானது.

இதோடு சேர்ந்தே வரும் 'ரன்-ஆஃப்', மண்ணில் இறங்காமல் சரிவில் வழிந்தோடும் நீர். 1 மி.மீ. வழிந்தோடினால் ஹெக்டேருக்கு 10,000 லிட்டர்.

போகும் நீரையும் மண்ணையும் அளவிட, சரிவில் 22.13 மீட்டர் நீளமும் 1.83 மீட்டர் அகலமும் உள்ள பாத்தியைத் தகடு பதித்து அடைப்பார்கள். வினோதமாகத் தோன்றும் இந்த அளவு 72.6 அடிக்கு 6 அடி. ஏக்கரில் நூறில் ஒரு பங்கு, நம் கணக்கில் சரியாக ஒரு சென்ட். 10 மி.மீ. வழிந்தால் 405 லிட்டர் சேரும். கீழ்முனையில் அதைப் பிடிக்கும் 200 லிட்டர் பீப்பாய்க்கு அது அடங்காது. அதனால் முதல் பீப்பாய் நிரம்பி வழியும் இடத்தில் ஒரு தகட்டில் ஒன்பது துளைகள் வைத்து, நடுத்துளை நீரை மட்டும் இரண்டாம் பீப்பாயில் பிடித்து ஒன்பதால் பெருக்குவார்கள். அந்தத் துளைத்தகடு சாய்ந்து துளைகள் மட்டம் தவறினால் அந்தப் பெருக்கலே பொய்.

பிறகு நன்றாகக் கலக்கி, ஒரு லிட்டர் எடுத்து, 105 டிகிரி செல்சியஸில் உலர்த்தி எடை போட வேண்டும். பெரும்பிழை கலக்குவதில்தான்: மணல் சட்டென அடியில் படிந்துவிடும், மேல்நீரை மொண்டால் இழப்பு குறைவாகத் தெரியும். மூடி இல்லாத பீப்பாயில் நேரே விழும் மழையும் கணக்கைக் கெடுக்கும். லிட்டருக்கு 5 கிராம் என்றால், 10 மி.மீ. ஓட்டத்தில் ஹெக்டேருக்கு 500 கிலோ போயிற்று என்று பொருள்.

அளக்க வசதியில்லாத இடத்தில், அமெரிக்க ஆய்வாளர்கள் விஷ்மையரும் ஸ்மித்தும் 1965-இல் வெளியிட்ட மண் இழப்புச் சமன்பாடு உதவும். மழையின் அரிக்கும் திறன், மண்ணின் அரிபடும் தன்மை, சரிவின் நீளமும் சாய்வும், பயிர்ப் போர்வை, வரப்பு போன்ற காப்பு முறை ஆகியவற்றைப் பெருக்குவது. முதல் இரண்டையும் குழப்பாதீர்கள்: அரிப்பது மழை, அரிபடுவது மண். கிடைப்பது ஆண்டுச் சராசரிதான். நேற்றைய ஒரு மழைக்கு இதைப் போட்டுப் பார்க்கக் கூடாது. பெரும்பள்ளங்களில் சரியும் மண்ணும் இதில் சேராது, அதைத் தனியே அளக்க வேண்டும்.