நல்லாத்தானே கீது, எதுக்கு மாத்திரை?

காசிமேட்டுப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு ஆயா இருக்கிறார். எந்தத் தெரு என்று சொல்ல மாட்டேன். இரவு எட்டு மணிக்கு அவர் போனில் அலாரம் அடிக்கும். ஆய்ந்துகொண்டிருக்கும் மீனை அப்படியே வைத்துவிட்டு, செதில் ஒட்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பேரனுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பார். எச்.ஐ.வி.யோடு பிறந்த பிள்ளை. எட்டாவது படிக்கிறான். அவனுக்கும் விஷயம் தெரியும். போன வாரம் பந்தாட்டம் முடிந்து வேர்க்க விறுவிறுக்க வந்தவன், “ஒடம்பு நல்லாத்தானே கீது ஆயா, தெனம் எதுக்கு மாத்திரை?” என்றான். ஆயா என்னைப் பார்த்தார்.

கிருமி பெருகாமல் இருக்க என்று சொல்லலாம். சரிதான், ஆனால் அது பாதி பதில்.

நம் ரத்தத்தில் டி செல் என்று ஒரு வகை வெள்ளையணு உண்டு. சளிக் காய்ச்சல் வந்தால் அவை மளமளவென்று பெருகி, கிருமி புகுந்த செல்களைத் தேடி அழிக்கும். ஓரிரு வாரத்தில் வேலை முடியும். பெரும்பாலானவை மடிந்துபோக, சில மட்டும் அந்தக் கிருமியை நினைவில் வைத்துக்கொண்டு ஓய்வில் இருக்கும். அந்த ஓய்வை எச்.ஐ.வி. தருவதில்லை. மற்ற செல்களுக்கு உத்தரவு கொடுக்கும் சி.டி.4 என்ற வகை டி செல்களுக்குள்ளேயே புகுந்து, தன்னைப் பிரதி எடுத்துக்கொண்டே இருக்கும்.

“ஹாஃப் டைமே இல்லாம நாலு மேட்ச் ஆடினா என்ன ஆவும்?” என்று பையனிடம் கேட்டேன்.

“கால் நிக்காதுண்ணா.”

டி செல்லும் அப்படித்தான் களைத்துப்போகிறது, படிப்படியாக. முதலில் பெருகும் திறன் குறைகிறது. அப்புறம் மற்ற செல்களை உசுப்பும் ரசாயனங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன. கூடவே செல்லின் மேற்பரப்பில் பி.டி.1 என்ற புரதம் அதிகமாகிறது. அதுதான் பிரேக். ஓயாத சண்டையில் சொந்தத் திசுக்களே நாசமாகிவிடக் கூடாதே என்று உடம்பு தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் பிரேக். 1992-ல் இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தது ஜப்பானின் தசுக்கு ஹோன்ஜோவின் குழு. 2018-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்த ரஃபி அகமதுவின் குழு, 2006-ல் இந்தப் பிரேக்கைத் தடுத்து, நாள்பட்ட வைரஸ் தொற்றில் களைத்த எலிகளின் செல்களை மறுபடி வேலை செய்யவைத்தது. புற்றுநோய்க்கு இவ்வகை மருந்துகள் வந்துவிட்டன. எச்.ஐ.வி.க்கு இன்னும் ஆராய்ச்சிக் கட்டம்தான்.

பிறவியிலேயே தொற்று வந்த குழந்தைகள் நிலைமைதான் மனதை உலுக்குகிறது. பெரியவர்களுக்குக் கிருமியின் அளவு முதலில் எகிறி, சில மாதங்களில் ஓரளவு இறங்கிவிடும். பச்சிளம் குழந்தைக்கு அது வருடக்கணக்கில் உச்சத்திலேயே நிற்கும். தாயின் கருவறையில் அனுசரித்துப் போகப் பழகிய எதிர்ப்புச் சக்தி அது. சண்டை கற்றுக்கொள்ளும் முன்பே களைப்பு வந்துவிடுகிறது. மருந்து கிடைக்காவிட்டால் ஏறக்குறைய பாதிப் பேர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை.

ஆனால் குழந்தைக்கு ஒரு கொடையும் உண்டு. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி, சிறு வயதில் புதுப் புது டி செல்களைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். மருந்து கிருமியை அடக்கிவிட்டால், களைத்தவற்றின் இடத்தைப் புதியவை பிடிக்கும். அதனால்தான் சீக்கிரம் தொடங்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று 2008-ல் வெளியானது: சில வாரக் குழந்தையாக இருக்கும்போதே மருந்து தொடங்கியவர்களிடம், தாமதமாகத் தொடங்கியவர்களைவிட இறப்பு 76 சதவீதம் குறைந்திருந்தது. தாயின் எதிர்ப்புப் புரதங்கள் குழந்தையின் ரத்தத்தில் 18 மாதம் வரைகூட இருக்கும் என்பதால், அந்தப் புரதங்களைத் தேடும் சாதாரணப் பரிசோதனை ஏமாற்றிவிடும். ஆறாவது வாரத்திலேயே குதிகாலில் குத்தி, காகிதத்தில் சொட்டு ரத்தம் எடுத்து, கிருமியையே நேரடியாகத் தேடுவது இதற்காகத்தான்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில், 1986-ல், சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமன், நிர்மலா ஆகியோரால். அரசின் இலவசக் கூட்டு மருந்து 2004-ல்தான் வந்தது. இடையில் பிறந்த பிள்ளைகளை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

“மாத்திரைதான் உன் செல்லுக்கு ஹாஃப் டைம்” என்றேன்.

“ஒரு நாள் உட்டா?”

மறந்துபோனால் ஞாபகம் வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்றேன். நாள்கணக்கில் விட்டால்தான் ஆபத்து: பதுங்கியிருக்கும் கிருமி சில வாரத்தில் மறுபடி ஏறும், மருந்துக்கு மசியாத வகையும் அதிலிருந்து முளைக்கலாம். அவன் டம்ளரை வாங்கி மாத்திரையை விழுங்கினான். ஆயா மறுபடி மீனை எடுத்தார்.