மேகம் மறைத்தால் காடு குறைகிறது: அமேசானில் ஓர் எச்சரிக்கை தடையாக மாறும் விதம்

பிரேசிலின் அமேசான் பகுதியில் 2004-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அழிக்கப்பட்ட காட்டின் பரப்பு 27,772 சதுர கிலோமீட்டர். அதே முறையில் 2012-இல் அளந்தபோது அது 4,571 சதுர கிலோமீட்டராகச் சரிந்திருந்தது. இத்தனைக்கும் நாட்டின் சோயா விளைச்சல் அந்த எட்டு ஆண்டுகளில் பெருகவே செய்தது. சோயா, மாட்டிறைச்சி ஆகியவற்றின் விலை இடையில் விழுந்ததும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் விலை மீண்டும் ஏறிய பின்னும் காடழிப்பு பழைய உயரத்துக்குத் திரும்பவில்லை. செயற்கைக்கோள், அபராதம், வங்கிக் கடன், கொள்முதல் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று கோக்கப்பட்டதே அதற்கு முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

பிரேசிலின் தேசிய விண்வெளி ஆய்வு நிறுவனமான இன்பே, 1988 முதல் ஆண்டுதோறும் காடழிப்பை அளந்து வருகிறது. அந்தக் கணக்கு துல்லியமானதுதான். எனினும் மரங்கள் விழுந்து பல மாதங்கள் கழித்துக் கிடைக்கும் கணக்கைக் கொண்டு யாரையும் களத்தில் தடுக்க முடியாது. எனவே 2004-இல், மரினா சில்வா சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தபோது, 'டெட்டெர்' என்ற உடனடி எச்சரிக்கை முறை தொடங்கப்பட்டது. பச்சை இலையில் உள்ள பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. இலையின் உள்ளமைப்போ கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்புக் கதிர்களைப் பெருமளவில் திருப்பி அனுப்புகிறது. மரங்களை அகற்றி மண்ணைத் திறந்துவிட்டால் இந்த விகிதம் மாறிவிடும். செயற்கைக்கோள் படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் இலை, மண், நிழல் ஆகியவற்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் கணித்து, முந்தைய படத்தைவிட மண்ணின் பங்கு திடீரென ஏறிய இடங்களை எல்லை வரைந்து, சுற்றுச்சூழல் காவல் அமைப்பான இபாமாவுக்கு இன்பே அனுப்புகிறது.

தொடக்கத்தில் பயன்பட்ட கருவியில் ஒரு புள்ளியின் பக்க அளவு 250 மீட்டர். ஆகவே 25 ஹெக்டேருக்குக் குறைவான வெட்டுகள் பெரும்பாலும் கண்ணில் படவில்லை. காலப்போக்கில் சிறுசிறு துண்டுகளாக வெட்டுவது பெருகியது. அதை ஈடுகட்ட 2015-இல் வந்த புதிய டெட்டெர், சீனாவும் பிரேசிலும் சேர்ந்து உருவாக்கிய செயற்கைக்கோளோடு இந்தியாவின் ரிசோர்ஸ்சாட்-2 செயற்கைக்கோளில் உள்ள 56 மீட்டர் நுணுக்கக் கேமராவையும் பயன்படுத்தியது. பிறகு பிரேசில் தானே உருவாக்கிய அமேசோனியா-1 செயற்கைக்கோளும், 2021 பிப்ரவரி 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ஏவுகலத்தில்தான் விண்ணுக்குச் சென்றது.

இந்த எச்சரிக்கை உண்மையிலேயே காட்டைக் காத்ததா என்பதைப் பிரேசில் பொருளியலாளர்கள் மிக நுட்பமான ஒரு வழியில் சோதித்தார்கள். இந்தக் கேமராக்களால் மேகத்தை ஊடுருவ முடியாது. மேகமூட்டம் மிகுந்த ஆண்டில் ஒரு நகராட்சிப் பகுதியிலிருந்து எச்சரிக்கைகள் குறையும். அதனால் அங்கே அதிகாரிகள் விதிக்கும் அபராதங்களும் குறையும். அப்படிக் கண்காணிப்பு தளர்ந்த பகுதிகளில், மழை, வெப்பம் போன்றவற்றின் விளைவைக் கழித்துப் பார்த்த பிறகும், அடுத்த ஆண்டு காடழிப்பு கூடியிருந்தது. யாரும் திட்டமிட்டு நடத்த முடியாத ஒரு பரிசோதனையை வானமே நடத்திக் கொடுத்ததாகவே இதைக் கொள்ள வேண்டும்.

ஆனால் அபராதத்தில் பெரும்பகுதி வசூலாவதில்லை என்பது பிரேசிலில் எல்லோரும் அறிந்ததே. நில உரிமையாளரை உண்மையில் வருத்துவது தடையாணைதான்: சட்டவிரோதமாக அழிக்கப்பட்ட நிலத்தின் எல்லை பொதுப் பட்டியலில் ஏறிவிடும், அந்த நிலத்து விளைபொருளை வாங்குபவரும் குற்றத்துக்குப் பொறுப்பாவார். 2008-இல் நாட்டின் பணவியல் குழு, அமேசானில் வேளாண் கடன் கேட்பவர்கள் சுற்றுச்சூழல் சட்டங்களைப் பின்பற்றுவதற்கும் நில உரிமைக்கும் சான்று தர வேண்டும் என்று விதித்தது. காட்டை வெட்டி முடிப்பதோடு செலவு நின்றுவிடுவதில்லை. விதை, உரம், கால்நடை என எல்லாவற்றுக்கும் கடன் தேவைப்படும் என்பதால், இந்த ஒரு விதி பல அபராதச் சீட்டுகளுக்கு ஈடானது.

வணிகம் இந்தச் சங்கிலியில் தானாக வந்து சேரவில்லை. பிரேசிலின் ஆக்ரே மாநிலத்தில் ரம்பங்களுக்கு முன்னால் குடும்பத்தோடு நின்று மறித்த ரப்பர் பால் எடுக்கும் தொழிலாளர்களும், அதற்காக 1988 டிசம்பர் 22 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட அவர்களுடைய தலைவர் சிக்கோ மென்டிசும்தான் அமேசானை உலகின் கவலையாக்கினார்கள். 2006-இல் சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸ், அமேசானில் விளைந்த சோயா ஐரோப்பியக் கோழித்தீவனமாகி உணவகங்களுக்குச் செல்லும் தடத்தை வெளிப்படுத்தியபோது, மெக்டொனால்ட்ஸ் போன்ற வாங்குவோர் தந்த நெருக்கடியால், அதே ஆண்டு ஜூலையில் பெரும் தானிய வணிக நிறுவனங்கள், புதிதாகக் காடழித்த நிலத்துச் சோயாவை வாங்குவதில்லை என்று ஒப்புக்கொண்டன. அதற்கு முன் அமேசானில் சோயா விரிவாக்கத்தில் சுமார் 30 விழுக்காடு நேரடியாகக் காட்டை அழித்து நடந்தது. 2014 வாக்கில் அது 1 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. இவ்வளவு பயன் தந்த ஏற்பாட்டை, அதில் சேர்ந்த நிறுவனங்களுக்கு வரிச்சலுகையை மறுக்கும் மாட்டோ குரோசோ மாநிலச் சட்டமும், 2025-இல் வணிகப் போட்டி ஆணையம் பிறப்பித்த நிறுத்தி வைக்கும் உத்தரவும் ஆட்டம் காணச் செய்திருப்பது மிகவும் வேதனைக்குரியது.

எச்சரிக்கை மட்டும் போதாது என்பதை 2019 முதல் 2022 வரையிலான காலம் காட்டியது. செயற்கைக்கோள்கள் அப்போதும் படம் எடுத்துக்கொண்டுதான் இருந்தன. இன்பேயின் இயக்குநர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார், களத்தில் அமலாக்கம் தளர்ந்தது, 2021-இல் காடழிப்பு 13,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. 2023-இல் அமலாக்கம் மீண்டும் முடுக்கப்பட்டதும், அடுத்த ஆண்டுக்குள் அது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

இன்று இந்தச் சங்கிலி அறுந்து கிடக்கும் இடம் மாட்டிறைச்சி. அமேசானில் அழிந்த காட்டின் பெரும்பகுதி மேய்ச்சல் நிலமாகவே மாறியிருக்கிறது. சோயா விளைந்த வயலை வரைபடத்தில் குறித்துவிடலாம்; கன்றோ ஒரு பண்ணையில் பிறந்து, இன்னொன்றில் வளர்ந்து, மூன்றாவதில் கொழுக்க வைக்கப்பட்டு இறைச்சிக் கூடத்துக்கு வருகிறது. 2009-இல் பெரும் இறைச்சி நிறுவனங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களின்படி நடந்த சரிபார்ப்பு, பெரும்பாலும் கடைசிப் பண்ணையோடு நின்றுவிட்டது. முதல் பண்ணை தடைப்பட்டியலில் இருந்தாலும், கடைசிப் பண்ணை சட்டப்படி இருந்தால் அந்த மாடு 'சுத்தமான' மாடாகிவிடுகிறது. மாடுகளைக் கொண்டுசெல்ல அரசு தரும் அனுமதிச் சீட்டில் புறப்பட்ட பண்ணையும் சேரும் பண்ணையும் பதிவாகின்றன. ஆனால் நோய்த்தடுப்புக்காக உருவான அந்தச் சீட்டு, மந்தையைக் குறிக்கிறதே தவிரத் தனித்தனி மாட்டை அல்ல. அந்தப் பதிவுகள் பொதுமக்கள் பார்வைக்கும் கிடைப்பதில்லை. ஒவ்வொரு மாட்டுக்கும் தனி அடையாள எண் தரும் தேசியத் திட்டத்தைப் பிரேசில் 2024 டிசம்பரில் அறிவித்தது. அது நாடு முழுவதும் நிறைவேற 2032 வரை காலம் குறித்திருக்கிறார்கள். அதுவரை அனுமதிச் சீட்டுப் பதிவுகளையாவது தடைப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கத் திறந்துவிட வேண்டும் என்பதே அங்குள்ள அரசு வழக்கறிஞர்களும் காட்டுப் பாதுகாப்பு அமைப்புகளும் தொடர்ந்து எழுப்பி வரும் கோரிக்கை.