நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை

குடிசைப் பகுதிக் குழந்தைகளுக்கு என்ன தேவை என்று கேட்டால் பலரும் சாப்பாடு, நோட்டு, துணி என்று அடுக்குவார்கள். இதில் பெரும்பகுதியை இன்று அரசே கொடுக்கிறது. அரசுப் பள்ளியில் பாடநூல், நோட்டு, சீருடை, மதிய உணவு எல்லாம் உண்டு. 2022-இல் காலை உணவுத் திட்டமும் வந்துவிட்டது. யாரும் கவனிக்காமல் விட்டது சாயங்காலம் நாலு மணியிலிருந்து எட்டு மணி வரைக்குமான நேரத்தைத்தான்.

வடசென்னையில் ஒரு திருச்சபை நடத்தும் சமூக மையத்தில் குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் ஆலோசகராக இருக்கிறேன். இங்கே பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு வீட்டில் யாரும் இருப்பதில்லை. அம்மா நாலைந்து வீடுகளில் வேலை முடித்து வர ஏழாகிவிடும். அப்பா லோடு ஏற்றப் போனால் எப்போது வருவார், எந்த நிலையில் வருவார் என்று சொல்ல முடியாது. பத்துக்குப் பத்து அறையில் தண்ணிக் குடம், கட்டில், டிவி போக மீதி இடத்தில் உட்கார்ந்து படிப்பது நடக்கிற காரியமா? படிப்பை நிறுத்தியது, கஞ்சாப் பொட்டலம் கைமாற்றியது, தெரிந்தவர்களே குழந்தையிடம் அத்துமீறியது என்று என்னிடம் வந்த விஷயங்களில் பலவும் இந்த நேரத்தில் ஆரம்பித்தவை.

அதனால் எங்கள் சென்டரில் நான் முதலில் பார்ப்பது வருகைப் பதிவேட்டைத்தான். டியூஷன், கேரம் போர்டு, சுண்டல் எல்லாம் பிள்ளைகளை வரவைக்க. இன்றைக்கு யார் வரவில்லை என்பதுதான் என் வேலைக்கான தகவல்.

ஒரு பையன், வயது பதிமூன்று. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வாரத்தில் ஒரு நாள், சில வாரம் இரண்டு நாள் வர மாட்டான். கேட்டால் தலைவலி என்பான். பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர்தான் ஒருநாள் சுவரில் இருந்த நாள்காட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். வளர்பிறை முகூர்த்தம் என்று போட்டிருந்த நாட்களுக்கு முந்தின சாயங்காலம் எல்லாம் பையன் ஆப்சென்ட். ரிசப்ஷன் நடக்கிற நேரம்! கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் ஆட்களோடு இலை போடவும் தண்ணீர் வைக்கவும் போய்க்கொண்டிருந்தான்.

அவன் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினோம். "சென்டருக்குன்னு சொல்லிட்டுத்தான் வர்றான் சிஸ்டர். சட்டைல சாம்பார் வாசனை அடிக்கும். நீங்கதான் சோறு போடுறீங்கன்னு நெனச்சேன்" என்றார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாரத் தவணைக் கடன் விஷயம் வெளியே வந்தது. பையன் தரும் காசு எங்கிருந்து வருகிறது என்று அவருக்கும் அரைகுறையாகத் தெரிந்திருக்கிறது. அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? பதினாலு வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைப்பது 2016-இல் திருத்தப்பட்ட சட்டப்படி குற்றம் என்று கேட்டரிங் மேஸ்திரியிடம் நேரில் போய்ச் சொன்னோம். தவணைக்கு வேறு வழி பார்க்க அம்மாவோடு உட்கார்ந்தோம். பையன் திரும்ப வருகிறான். தை மாதம் பிறந்தால் நாங்கள் இன்றும் நாள்காட்டியை ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறோம்.

சரி, எல்லாரும் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். "மதம் மாத்துவீங்களா?" வியாசர்பாடிப் பக்கம் கிறிஸ்தவர்களின் சமூகப் பணி இன்று நேற்று வந்ததல்ல. இத்தாலியிலிருந்து வந்து அங்கேயே ஏழைகளோடு வாழ்ந்த சலேசிய சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் குரு மந்தோவானி இறந்ததே 1967-இல். ஆனாலும் பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. எங்கள் சென்டரில் ஜெபம் உண்டு, அதை ஒளிப்பதில்லை. உட்காராத பிள்ளை வெளியே விளையாடலாம், அதற்காக அவனுக்குச் சுண்டல் குறையாது. இப்படி இல்லாத இடம் எந்த மதத்துக்காரர் நடத்தினாலும் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

இதன் அடியில் இன்னொரு பயமும் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதி அந்தஸ்து இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டுமே. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவராக மாறியவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். பிள்ளை சென்டருக்கு டியூஷன் வருவதால் சாதிச் சான்றிதழில் எதுவும் மாறாது. ஞானஸ்நானம் பற்றி யோசிக்கும் குடும்பத்துக்கு இந்த வித்தியாசத்தை முன்னாலேயே எடுத்துச் சொல்வது எங்கள் கடமை. சொல்லாமல் மறைப்பது பெரிய பாவம் என்பது என் கருத்து.

பெற்றோர் அதிகம் கேட்காத, கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பிள்ளையோடு பெரியவர் யாராவது மூடிய அறையில் தனியாக இருக்க நேருமா? புதிதாக வரும் தன்னார்வலரை யார் விசாரித்துச் சேர்க்கிறார்கள்? ராத்திரி தங்கவைக்கும் இல்லம் என்றால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு செய்திருக்கிறார்களா? பாலியல் அத்துமீறல் நடந்திருக்கலாம் என்று தெரிந்தால் காவல் துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்கிறது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம். 'நம்ம சபைக்குள்ளேயே பேசி முடிச்சிடலாம்' என்று யார் சொன்னாலும், அங்கி போட்டவராகவே இருந்தாலும், கேட்காதீர்கள். நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் அவருக்கு ஓராண்டு வரை சிறை. குழந்தைகள் உதவி எண் 1098, இருபத்துநாலு மணி நேரமும் இலவசம்.

டிசம்பர் வந்தால் எங்கள் வாசலில் கார் நிற்க இடம் இருக்காது. கேக், பொம்மை, சிவப்புத் தொப்பி, கூடவே போட்டோ. பொட்டலத்தைப் பிடித்தபடி நின்ற படம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் வகுப்பு வாட்ஸ்அப் வரைக்கும் போய்விட்டது. அதற்கப்புறம் அவளை சென்டருக்கு வரவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்போது பிள்ளைகளின் முகத்தைப் படமெடுக்க விடுவதில்லை. சில நன்கொடையாளர்கள் கோபித்துக்கொண்டு போனார்கள், போகட்டும். உதவ நினைப்பவர்கள் ஜூன் மாதம் வாருங்கள். வாரத்தில் ஒரு சாயங்காலம், ஒரு வருஷம் விடாமல், கணக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் தேடித்தான் அலைகிறோம்.

கடைசியாக ஒன்று, இது குடும்பங்களுக்கு. ஆற்றங்கரையோரக் குடிசைகளில் இருந்து பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுக்கு உங்களை மாற்றும்போது பல சமயம் பள்ளி ஆண்டு பாதியில் இருக்கும். மாற்றுச் சான்றிதழ் கைக்கு வரட்டும் என்று பிள்ளையை வீட்டிலேயே வைத்திருந்த வாரங்களில்தான் பலரின் படிப்பு நின்றுபோகிறது. அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பு வரை, டி.சி. தாமதமாகிறது என்ற காரணத்துக்காகப் புதுப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. வீடு மாறிய மறுநாளே பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போங்கள். மறுத்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணுக்குப் பேசுங்கள்.